அழுகினதா, அழுகப் போட்டதா?

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, ஐந்நூறு தாள் அச்சடித்த கூலியை ஒருவருக்குத் தண்டமாக்கியிருக்கிறேன். எங்கள் பக்கம் தும்பும் (தேங்காய் நார்) கயிறும் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி. வெளியூர் ஆட்களிடம் கொடுப்பதற்கு, ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ் என்று ஒரு விலைப்பட்டியல் தயார் செய்தார். "நீ இங்கிலீசு எம்.ஏ. படிச்சவன்தானே, ஒரு தடவை பாத்துக் குடு" என்றார். பார்த்துக் கொடுத்தேன். நாலைந்து இடத்தில் காற்புள்ளி போட்டேன். ஓரிடத்தில் 'ரெட்டட் ஃபைபர்' என்று இருந்தது. ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்து, 'ஈ'யை அடித்துவிட்டு 'ஓ' போட்டு 'ராட்டட் ஃபைபர்' ஆக்கினேன். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, தண்ணீரில் அழுக வைத்துத்தானே நார் எடுக்கிறார்கள், அதைத்தான் தப்பாக எழுதியிருக்கிறார் என்பது என் கணக்கு.

தாள் கொச்சி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. அண்ணாச்சியும் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"தம்பி, அழுகின தும்புன்னு எழுதி வச்சிருக்கியாமே. அழுகினத எவன் காசு குடுத்து வாங்குவான்?"

அவர் சொந்தமாக எழுதிய சொல் இல்லை அது. கயிறு வாரியத்தின் தாள் ஒன்றைப் பார்த்து, எழுத்து பிசகாமல் எடுத்து எழுதியிருக்கிறார். படித்தவன் நான்தான் அதைக் கெடுத்தேன். அன்று ராத்திரி அகராதியை எடுத்தேன்.

ரெட். ஆர், ஈ, டீ. மூன்றே எழுத்து. வினைச்சொல். ஆளி (ஆளிவிதைச் செடி), சணல், தேங்காய் மட்டை போன்றவற்றை ஈரத்தில் ஊறப் போட்டு, நார் தனியாகக் கழன்று வரும்படி பக்குவப்படுத்துவது. இறந்தகாலத்துக்கு டீயை இரட்டித்து 'ரெட்டட்', தொழிற்பெயருக்கு 'ரெட்டிங்', அதிலும் டீ இரண்டு. 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிற சொல். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதையே 'ரெயிட்' என்று நீட்டி எழுதுகிற வழக்கமும் உண்டு.

இவ்வளவு சின்ன வினைச்சொல்லை இத்தனை வருடம் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் யோசித்தால், பார்த்திருக்கத்தான் செய்திருக்கிறேன், கண்டுகொள்ளவில்லை. ஆங்கிலக் குறுக்கெழுத்துக்காரர்களுக்கு இது செல்லப்பிள்ளை. மூலையில் மூன்று கட்டம் மிஞ்சினால் 'ஆளியை ஊறவை' என்று ஒரு குறிப்பு போட்டு இதை வைத்து அடைத்துவிடுவார்கள். ஸ்கிராபிள் ஆட்டத்திலும் செல்லும். கம்ப்யூட்டர்காரர்களிடம் கேட்டால் 'ரெட்' என்பது அசெம்பிளி மொழியில் 'ரிட்டர்ன்' கட்டளையின் சுருக்கம் என்பார்கள். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நாகர்கோவிலில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் 'தலைமையாசிரியர், ரிட்டயர்டு' என்று பலகை தொங்கும். ஆங்கிலத்தில் அதைச் சுருக்கி எழுதுகிறபோது முதல் மூன்று எழுத்து இதேதான். அதனாலோ என்னவோ, இந்தச் சொல்லைப் பார்த்ததும் கை தானாகவே அதைத் திருத்தப் போகிறது.

தமிழ் எழுத்தில் எழுதினால் இன்னொரு சிக்கல். 'ரெட்' என்று எழுதினால் சிவப்பு என்றுதான் படிப்பார்கள். 'ரெட்டு' என்று எழுதினால் நம் ஊரில் கெட்டியான இரட்டுத் துணி. அதுவும் நார் சம்பந்தப்பட்டதுதான் என்பது தற்செயல்.

சரி, இந்த வினைச்சொல் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் ஆச்சியின் ஊர் தேங்காப்பட்டணம் பக்கம். குழித்துறையாறு கடலில் சேரும் இடம். பெயரிலேயே தேங்காய் இருக்கிற ஊர், கதம்பைக்குக் கேட்கவா வேண்டும். ஆற்றின் கழியிலும் ஏ.வி.எம். கால்வாய் ஓரத்திலும் கதம்பை அழுகப் போட்டிருப்பார்கள். ஏ.வி.எம். என்றதும் வெளியூர்க்காரர்கள் சினிமா ஸ்டுடியோவை நினைக்கிறார்கள். இது அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். 1860 வாக்கில், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகு வழியில் இணைப்பதற்காகத் திருவிதாங்கூர் அரசர் தொடங்கியது. சாமி பெயர், இங்கிலாந்து ராணி பெயர், ராஜா பெயர் மூன்றையும் சேர்த்து வைத்தார்கள். பெயர் முழுசாக அமைந்தது, கால்வாய் முழுசாக முடியவில்லை. வெட்டின மட்டிலும் படகு போயிற்று, கதம்பையும் ஊறிற்று.

'கதம்பை' என்று நான் சொல்வது நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. விளவங்கோடு பக்கம் போனால் 'தொண்டு' என்பார்கள். எங்கள் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு. எல்லை மாறினாலும் வாயில் இருக்கிற சொல் மாறவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த என் சிநேகிதன் ஒருவன் 'தொண்டு வண்டி போகுது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சேவை நிறுவனத்து வண்டி என்று நினைத்து எட்டிப் பார்த்தான். லாரி நிறையத் தேங்காய் மட்டை. அவனே இன்னொரு நாள், 'வெள்ளத்துக்குள்ள எறங்காத மக்களே' என்று ஆச்சி சொன்னதைக் கேட்டு ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதோ என்று பயந்தான். எங்களுக்குத் தண்ணீரே வெள்ளம்தான்.

பள்ளிக்கூட விடுமுறைக்குப் போனால் நாற்றம்தான் முதலில் வந்து கூப்பிடும். அழுகின முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்பைடு என்று பிற்பாடு பதினொன்றாம் வகுப்பு ஆய்வுக்கூடத்தில் பெயர் தெரிந்தது. அப்போது ஆசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு சோதனைக் குழாயைக் காட்டினார். எனக்கு ஆச்சி வீட்டு ஞாபகம் வந்து சந்தோஷமாக இருந்தது. ஒரு விடுமுறையில் என் தங்கை புது வெள்ளிக் கொலுசு போட்டுக்கொண்டு வந்தாள். கழியோரத்திலேயே நாள் முழுக்க விளையாடி, நாலாவது நாள் பார்த்தால் கொலுசு கறுத்துக் கிடந்தது. அவள் அழுத அழுகையில் ஆச்சி சாம்பலும் புளியும் வைத்து ராத்திரி வரைக்கும் தேய்த்தாள்.

பச்சைத் தேங்காயை உரித்த கதம்பை நாள்பட்டுக் காய்ந்துபோகும் முன்னால் தண்ணீருக்குள் போக வேண்டும். கயிற்று வலையில் குவித்துக் கட்டி, மேலே ஓலையும் மடலும் போட்டு, சேறு அள்ளி வைத்து அமுக்குவார்கள். கொஞ்ச நாள் மிதக்கும், அப்புறம் நீர் குடித்து அமிழும். ஆறு மாதம், எட்டு மாதம், சில இடங்களில் பத்து மாதம். ஒரு பிள்ளையைச் சுமந்து பெறுகிற காலம் என்று பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

உள்ளே நடப்பது என்னவென்றால், நாரையும் நாரையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையைப் பாக்டீரியாக்கள் தின்கின்றன. நாருக்குப் பலம் தருவது செல்லுலோசும் லிக்னினும். அவற்றை அவ்வளவு லேசில் தின்ன முடியாது. ஆகவே பசை போய்விடும், நார் நிற்கும். இதற்கு ஓட்டமுள்ள உப்புத்தண்ணீர் நல்லது. மட்டையிலிருந்து பாலிஃபீனால் என்னும் கறைப்பொருள் இறங்கும். அது அப்படியே தேங்கி நின்றால் அந்தப் பாக்டீரியாக்களின் வேலையையே அது தடுத்துவிடும், நாரும் நிறம் மங்கும். ஆறு கடலில் சேரும் பொழிமுகம் திறந்து கடல் ஏறி இறங்குகிற இடமாக இருந்தால் கறையை நீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஆச்சிக்கு பாலிஃபீனால் தெரியாது. "கறை எறங்கணும்" என்பாள். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆச்சி முழங்கால் தண்ணீரில் இறங்கி, வலைக்குள் கையை விட்டு, நடுவில் இருக்கிற கதம்பையாகப் பார்த்து ஒன்றை உருவுவாள். மேலே இருப்பதை எடுக்கமாட்டாள், அது ஏமாற்றும். கறுத்து, வழவழவென்று, செத்த எலி மாதிரி இருக்கும். பெருவிரல் நகத்தை மட்டையின் மேல்தோலுக்குள் கொடுத்து இழுப்பாள். தோல் வாழைப்பழத் தொலியைப் போல நீளமாக வந்துவிட்டால், வேலை முடிந்தது. பாதியில் கிழிந்து நின்றுவிட்டால், அதே இடத்தில் திரும்பச் செருகிவிட்டு, "பதம் வரல்ல. இன்னும் கெடக்கட்டு" என்பாள். தோல் உரிந்த இடத்தில் உள்ளே தெரிகிற நிறத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து, இப்போதுதான் அறுத்த நெல் தாள் மாதிரி ஒரு பொன்னிறம்.

ஒரு நாள் நான் கேட்டேன். "ஆச்சி, அழுகிப் போனதை எதுக்கு எடுக்கிய?"

திரும்பிப் பார்த்தாள். "மக்களே, அது அழுவினது இல்ல. அழுவப் போட்டது."

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். எம்.ஏ. படித்து, அகராதியெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த வித்தியாசத்தை ஐந்நூறு தாளில் தப்பாக அடித்தபோது முப்பது தாண்டியிருந்தது.

அகராதியில் அடுத்த வரியைப் படித்தபோதுதான் கொஞ்சம் ஆறுதல். 'ரெட்' ஆங்கிலத்துக்கு டச்சுக்காரர்கள் பக்கத்திலிருந்து, அவர்களுடைய பழைய பேச்சிலிருந்து வந்தது. அழுகலைக் குறிக்கும் 'ராட்' என்பதும் இதுவும் ஒரே குடும்பம். ஆக, நான் செய்தது தொழிலில் பிழை, குலத்தில் பிழை இல்லை. இன்றைய டச்சு மொழியில் இந்த இரண்டும் இன்னும் நெருக்கம்: ஆளியைப் பக்குவமாக ஊறப் போடுவதற்கு 'ரோட்டன்', ஒரு டீ, வெறுமனே அழுகுவதற்கு 'ராட்டன்', இரண்டு டீ. அங்கே போய் நான் எழுத்துத் திருத்தியிருந்தாலும் இதே கதிதான் ஆகியிருக்கும்.

தமிழில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு, பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே. உருகு, உருக்கு. பெருகு, பெருக்கு. முழுகு, முழுக்கு. அந்த வரிசையில் அழுகு, அழுக்கு. தானாக அழுகினால் ஒன்று, ஒருவர் அழுகச் செய்தால் இன்னொன்று. நடுவில் ஒரு மெய்யெழுத்து, அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் சில ஜோடிகள் இப்படி உயிரெழுத்தை மாற்றி நிற்கும். விழுவதற்கு 'ஃபால்', மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு 'ஃபெல்'. உட்காருவதற்கு 'சிட்', உட்கார்த்தி வைப்பதற்கு 'செட்'. 'ராட்', 'ரெட்' இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் என் காதுக்கு அவையும் இந்த வரிசையில் போய் நிற்பது போலத்தான் கேட்கிறது.

டச்சு, ஃபிளெமிஷ் பேசுகிறவர்களின் ஊர்களுக்குக் கதம்பை தெரியாது. அவர்களுக்கு ஆளி. நாம் ஆளிவிதை என்று உடம்புக்கு நல்லது என வாங்கித் தின்கிறோமே, அந்தச் செடியின் தண்டு நார்தான் லினன் துணி. பெல்ஜியத்தில் கோர்ட்ரெய்க் ஊர் வழியாக ஓடும் லெய்யே ஆற்றில் ஆளிக்கட்டுகளைப் பெட்டி பெட்டியாக அமிழ்த்தி வைத்தார்கள். அதனால் அந்த ஆற்றுக்கே 'பொன்னாறு' என்று பெயர் வந்தது. பொன் என்றது நிறத்தையா வருமானத்தையா என்று கேட்டால், இரண்டையும்தான் என்பேன். நாற்றத்தை யாரும் பெயரில் சேர்க்கவில்லை. ஆளிக்கு நம்மைப் போல மாதக்கணக்கு கிடையாது. தண்ணீரில் ஒன்றிரண்டு வாரம் போதும். தண்ணீரே இல்லாமல், அறுத்த செடியை வயலில் பரப்பி, பனியிலேயே சில வாரம் கிடக்கவிடுகிற முறையும் உண்டு. இரண்டிலும் ஆபத்து ஒன்றே: நாள் தவறினால் பசையோடு நாரும் போய்விடும். ரெட்டட் என்பது ராட்டட் ஆகிவிடும். நான் தாளில் செய்ததை அவர்கள் சில நாள் தாமதத்தில் செய்துவிட முடியும்.

தண்ணீர்ச் சண்டையும் பொதுதான். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்திலேயே, மாடு தண்ணீர் குடிக்கிற ஓடையிலும் குளத்திலும் சணலையும் ஆளியையும் ஊறப்போடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். எங்கள் கழியில் சட்டம் எதுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் வலை வீசுகிறவர்களுக்கும் கதம்பைக்காரர்களுக்கும் ஒத்துப்போனதே இல்லை. அழுகல் நடக்கிற தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிடும், மீன் நிற்காது. நியாயம் மீன்காரர்கள் பக்கம்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆச்சி இருந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

இந்தத் தொழிலில் பிறந்து வெளியே போன இன்னொரு சொல்லையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஊறிய ஆளியை அடித்துச் சக்கை நீக்கி, பிறகு இரும்புப் பல் வைத்த சீப்பில் வார்ந்து சிக்கெடுப்பார்கள். அந்த வார்தலுக்கு 'ஹெக்கிள்' என்று பெயர். மேடையில் பேசுகிறவரைக் கூட்டத்திலிருந்து குறுக்குக்கேள்வி கேட்டு வதைப்பதற்கு ஆங்கிலத்தில் இன்று சொல்கிறார்களே, அதே ஹெக்கிள்தான். ஆளை நார் சீவுவது போலச் சீவுவது. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். 'கூட்டத்துல எம்.எல்.ஏ.வ நார் நாராக் கிழிச்சிட்டான்' என்று டீக்கடையில் தினமும் சொல்கிறோம்.

எங்கள் பக்கம் அடிப்பதற்கு 'தல்லுதல்' என்பார்கள். உரித்த கதம்பையைக் கல்லின் மேல் வைத்து மரக்கட்டையால் தல்லத் தல்ல, நாருக்கு நடுவில் இருக்கிற பொடி உதிரும். அதற்குச் 'சோறு' என்று பெயர், கற்றாழைச் சோறு என்கிறோமே அது மாதிரி. அந்தச் சோற்றை அன்று யாரும் சீந்தவில்லை, கரையோரம் குன்று குன்றாகக் கிடக்கும். இன்று கட்டி கட்டியாக அமுக்கிப் பூந்தொட்டிக்கு என்று விற்கிறார்கள். தும்பை நிழலில் உலர்த்தி, ராட்டில் கொடுத்துத் திரிப்பார்கள். ஒருத்தி சக்கரம் சுற்றுவாள், இரண்டு பேர் இடுப்பில் தும்பைக் கட்டிக்கொண்டு திரித்தபடி பின்னாலேயே நடப்பார்கள். ஒரு நாளில் பின்னோக்கி எத்தனை மைல் நடந்தார்கள் என்று அவர்கள் எண்ணவில்லை. கூலிக்குக் கயிற்றைத்தான் எண்ணினார்கள்.

அண்ணாச்சியின் தாளில் கடைசியில் ஆங்கிலத்தில் போக வேண்டியது 'ரெட்டட் காயர்'. இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. 'காயர்' நம்முடையது; மலையாளத்துக் கயர், நம்முடைய கயிறு, இந்தக் கடற்கரையில்தான் ஐரோப்பியர்கள் அதைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். 'ரெட்டட்' ஆளி ஊறிய ஆறுகளின் பக்கத்துச் சொல். பெயர்ச்சொல்லை நம்மிடம் வாங்கினவர்கள் வினைச்சொல்லை வாங்கவில்லை. அவர்களிடமே ஒன்று இருந்தது. வேலை ஒன்றாக இருந்ததால் அதுவே பொருந்திவிட்டது.

சரி, ஆங்கிலப் பக்கத்தைத் திருத்தியாகிவிட்டது, இரண்டாம் அச்சுக்கு நானே பணம் கொடுத்தேன். தமிழ்ப் பக்கத்துக்கு என்ன போடுவது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

'அழுகிய நார்' என்று போட முடியாது, ஏற்கெனவே பட்டாயிற்று. எனக்கு இலக்கணம் தலைக்கேறி இருந்ததால் 'அழுக்கிய நார்' என்றேன். பிறவினை, சரியான வடிவம், ஆச்சிக்கும் திருப்தியாக இருந்திருக்கும். அண்ணாச்சி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

"அழுக்கு நாருன்னுல்லா வாசிப்பான்?"

உண்மைதான். 'பதப்படுத்திய நார்' என்றேன். ஏதோ மருந்து அடித்தது போல இருக்கிறது, ஊறுகாய்க் கம்பெனிக்காரன் போடுகிற சொல் என்றார். 'ஊறல் நார்' என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் 'ஊறல் போட்டிருக்கு' என்றால் சாராயத்துக்குப் போட்டிருப்பதுதான். "அதப் போட்டா போலீசுதான் மொத ஆளா வருவான்" என்றார்.

கடைசியில் பேனாவை அவரே வாங்கி, தாளின் ஓரத்தில் எழுதினார்: வெள்ளை நார்.

"வெள்ளை நாருன்னு போடு தம்பி. கதம்பையை அழுவப் போட்டு எடுத்ததுன்னு வாங்குறவனுக்குத் தெரியும். மில்லுல அடிச்சது பழுப்பு நாரு."

அப்படியே போட்டோம். தொழிலில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் வெள்ளை ஒன்றும் இல்லை அது. நான்தான் பார்த்திருக்கிறேனே, ஆச்சி நகம் கொடுத்து உரிக்கும்போது.